பலகைக்கு அந்தப் பக்கம்

கூடத்துச் சுவிட்சைத் தட்டினால் கூடத்து விளக்கு எரியவேண்டும். மீரா சாகிப் தட்டினார். கூடத்து விளக்கு அசையவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியிலிருந்து, "வெளிச்சம் வந்துருச்சு!" என்று பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாகக் கூவின.

மீரா சாகிப் சுவிட்சை அணைத்தார்.

"போயிருச்சே!" என்றன அதே குரல்கள்.

மறுபடி தட்டினார்.

"வந்துருச்சு!"

"என்ன மீரா சாகிப், எங்க வீட்டுப் பொம்பளைகளோட கண்ணாமூச்சி ஆடுறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வீட்டு முதலாளியின் மச்சான் சீனி முகம்மது சாய்வு நாற்காலியில் வசதியாகக் கால் நீட்டிக் கிடந்தார். கல்யாணங்களுக்கும் கந்தூரிகளுக்கும் காஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவர். காலையிலேயே இருபது காஸ் விளக்குகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். யாரும் கேட்கவில்லை. "ஒரு முன்யோசனைதான்" என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது 1931ஆம் வருஷம். பினாங்கு ஹட்டன் லேனில் மிளகு வியாபாரி முகம்மது கனியின் பங்களா. மறுநாள் மகளுக்கு நிக்காஹ். அதற்காகவே வீட்டுக்குப் புதிதாகக் கரண்டு இழுத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் துரை அன்று நாலு மணிக்கு வந்து, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் விளக்கு நிலைக்கும். திருப்தி இல்லையென்றால் அப்போதே இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போவார்.

இப்போது மணி ஒன்று.

மீரா சாகிப்புக்கு வயது நாற்பத்தெட்டு. சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை இது. இருபத்திரண்டு வருஷம் அவர் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் பங்கா இழுத்தவர். துரைகளின் தலைக்கு மேல் தொங்கும் நீளமான துணி விசிறியின் கயிறு, சுவர் ஓட்டை வழியாக வராந்தாவுக்கு வரும். அதன் நுனியில் மீரா சாகிப் உட்கார்ந்திருப்பார். இழுப்பார், விடுவார். கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, தூங்கியபடியே இழுக்கும் வித்தையும் அவருக்குக் கைவந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால், பங்காவைக் கழற்றிச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள். கூரையில் நாலு இலைகளோடு ஓர் இரும்புச் சாமான் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு வெற்றிலை வேண்டாம். அதற்குக் கண் அசராது.

மீரா சாகிப் அதை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கிளார்க்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை மாட்டினது யாரு?"

மறுநாள் கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஆ சூன் என்ற சீன முதலாளியின் மின்சாமான் கடை வாசலில் போய் நின்றார். "இருபத்திரண்டு வருஷம் கயிறு இழுத்திருக்கேன் தவுக்கே. வயர் இழுக்கமாட்டேனா?" என்றார். ஆ சூன் சிரித்துவிட்டு ஏணியைத் தூக்கச் சொன்னார். ஐந்து வருஷம் ஏணி தூக்கினார். தன் வயதில் பாதிகூட ஆகாதவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து வயர்மேன் பரீட்சை எழுதினார். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை தேறினார். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அவருடைய ஒற்றை அறை வீட்டில், அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

இன்றைக்குத் தவறினால் மறுபடி ஏணிதான்.

கோளாறு எங்கே என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பலகைச் சுவரின் இந்தப் பக்கம் நாலு சுவிட்சுகள்: கூடத்து விளக்கு, உள்ளறை விளக்கு, உள்ளறை மின்விசிறி, வாசல் மணி. அவற்றுக்கு நேர் பின்னால், அந்தப் பக்கச் சுவரில், ஒரு மரப்பெட்டி. அதற்குள் நாலு பித்தளை ஆணிகள், நாலு கம்பிகள். எந்தக் கம்பி எந்த ஆணிக்கு என்று நூலில் முடிச்சுப் போட்டு அடையாளம் கட்டியிருந்தார். கடைசி முடுக்கு மட்டும்தான் பாக்கி.

அதற்குள் முந்தின நாளே படகேறி வந்துவிட்டார்கள் பட்டர்வொர்த்திலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் உறவுக்காரப் பெண்கள், நாற்பது பேர். வந்த நிமிஷத்தில் உள்கட்டுக்குத் திரை விழுந்தது. நிக்காஹ் முடியும்வரை எந்த ஆணும் திரையைத் தாண்டக்கூடாது என்று சல்மா பீவி உத்தரவு போட்டுவிட்டார்.

சல்மா பீவி கனி முதலாளியின் மனைவி. வயது நாற்பத்தைந்து. அவர் முன்னால் குரலை உயர்த்தியவர் ஹட்டன் லேனில் கிடையாது. மீரா சாகிப் கம்பி இழுத்த நாட்களில் பலகை இடுக்கு வழியாக எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். கனி முதலாளி மிளகு விலைக்காகச் சீனர்களோடு மேசையைக் குத்திச் சண்டை போடுகிறவர்தான். ஆனால் உள்கட்டுக்குப் போகும்போது செருப்போடு குரலையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்.

மீரா சாகிப் திரையருகே போய்த் தொண்டையைக் கனைத்தார். வேலைக்காரப் பெண் காமாரியா எட்டிப் பார்த்தாள். திரைக்கு இரண்டு பக்கமும் போய்வரக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

"காமாரியா, அந்தப் பெட்டியில நூல் கட்டியிருந்தேனே, இருக்கா?"

"நூலா? நேத்துப் பூக்கட்ட நூல் பத்தலே அண்ணே. படகுல வந்த ரொஸ்னா அக்கா அதை உருவிட்டாங்க. உருவும்போது கம்பியும் வந்துருச்சு. பாவம்னு அவங்களே திரும்பச் செருகி வச்சாங்க லா."

"எந்த ஆணியில எதைச் செருகினா?"

"கைக்கு வந்ததுல."

மீரா சாகிப் கண்ணை மூடித் திறந்தார். "சரி. நான் சொல்றபடி நீ கம்பியை மாத்து."

"நானா? மாட்டேன் அண்ணே. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலே" என்று காமாரியா திரைக்குள் மறைந்தாள்.

வேறு வழியில்லை. மீரா சாகிப் ரிக்‌ஷா அனுப்பித் தன் மனைவி ஜன்னத்தை வரவழைத்தார்.

ஜன்னத் வந்தாள். வாசலிலேயே, "சோத்தை அடுப்புல வச்சிட்டு வந்திருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க" என்றாள். குறடும் திருப்புளியும் டேப்பும் கொண்ட பையை அவள் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். அதில் ஒருநாள்கூட ஜன்னத் அவர் சொன்னதை முதல் தடவையில் கேட்டது கிடையாது.

மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கிக் கரண்டை நிறுத்திவிட்டு, மீரா சாகிப் பலகையில் வாயை வைத்தார்.

"ஜன்னத்து! பெட்டியைத் தொறந்தியா?"

"தொறந்தேன். உள்ளே பல்லி முட்டை இருக்கு."

"முட்டையை விடு. முதல் ஆணிக் கம்பியையும் ரெண்டாவது ஆணிக் கம்பியையும் மாத்திப் போடு."

"எது முதல்?"

"வலது கைப் பக்கத்துலேர்ந்து."

"உங்க வலதா, என் வலதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"எப்படி ஒண்ணாகும்? நீங்க அந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்க, நான் இந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்."

சாய்வு நாற்காலியிலிருந்து சீனி முகம்மது, "பாயிண்ட்டு" என்றார்.

"சோறு திங்கிற கைடீ!"

"அதைத்தான் கேக்குறேன், யார் சோறு திங்கிற கை?"

மீரா சாகிப்புக்குத் தலை சுற்றியது. "என்னோடது!" என்று கத்தினார். அவள் எதையோ கழற்றி எதையோ மாட்டினாள். "ஆச்சு" என்றாள். அவர் மெயினை ஏற்றிவிட்டு, பிஸ்மில்லா சொல்லிக் கூடத்துச் சுவிட்சைத் தட்டினார்.

உள்ளே மின்விசிறி சுற்றியது. அதுவும் உச்ச வேகத்தில்.

அந்த நேரத்தில் அதற்கு நேர் கீழே இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பலகாரத்துக்கு அரிசிமாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று தாம்பாளம் நிறைய ரோஜா இதழ். முதலில் ஒரு கூச்சல் கேட்டது. பிறகு பலகை இடுக்குகள் வழியாக வெள்ளைப் புகைபோல மாவு கூடத்துக்குள் வந்தது. பின்னாலேயே சில இதழ்களும் வந்தன.

திரை விலகியது. தலை முதல் கால் வரை மாவில் குளித்த காமாரியா நின்றாள். "அண்ணே, மணப்பொண்ணு தும்முறதை நிறுத்தவே மாட்டேங்குது" என்றாள்.

உள்ளிருந்து ஜன்னத்தின் குரல் வந்தது. "நான் அப்பவே கேட்டேன், யார் கைன்னு!"

"உன் வாயை மூடு!"

"நீங்க மூடுங்க!"

சத்தம் கேட்டுக் கனி முதலாளி மாடியிலிருந்து ஓடிவந்தார். கையில் அழைப்பிதழ்க் கட்டு, முகத்தில் கலவரம்.

"மீரா சாகிப், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க வர்ற நேரம். புருஷன் பொஞ்சாதி சண்டை தெருவரைக்கும் கேக்குது. சல்மா காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன். இனிமே உள்ளேர்ந்து ஒரு பொம்பளை குரலும் கூடத்துக்கு வரக்கூடாது."

"அப்புறம் நான் எப்படி முதலாளி வேலை வாங்குறது?"

முதலாளி யோசித்தார். "நீங்க பேசுங்க. அவங்க தட்டட்டும். ஆச்சுன்னா ஒரு தட்டு, இல்லேன்னா ரெண்டு தட்டு." இந்த ஏற்பாட்டில் அவருக்கே மிகுந்த திருப்தி. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மீரா சாகிப் மெயினை இறக்கினார். "ஜன்னத்து, முதலாளி சொன்னது கேட்டுச்சா?"

உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. கோபமான தட்டு.

"இப்ப நாலு கம்பியையும் கழட்டிடு. புதுசா ஆரம்பிப்போம்."

அவள் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் சீனி முகம்மது எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு மெயின் பெட்டியருகே வந்தார். "இந்தக் கைப்பிடி எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அதை மேலே தள்ளினார்.

'பட்!'

பலகை இடுக்கில் ஒரு நீல வெளிச்சம் மின்னியது. ஓர் அலறல். ஏதோ தரையில் விழுந்து உருண்டது. பிறகு சத்தமே இல்லை.

மீரா சாகிப் பாய்ந்து கைப்பிடியை இறக்கினார். அவர் முகம் உள்ளே பறந்த மாவைவிட வெளுத்திருந்தது.

"ஜன்னத்து!"

உள்ளங்கையால் பலகையை அறைந்தார்.

"ஜன்னத்து! உசுரோட இருக்கியா? ஒரு தட்டுத் தட்டு. ஒரே ஒரு தட்டு!"

கனி முதலாளி எழுந்து நின்றுவிட்டார். சீனி முகம்மது மெதுவாக நாற்காலிக்குப் பின்னால் போனார். மீரா சாகிப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டார். இருபத்துநாலு வருஷத்துச் சண்டைகளில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. பங்கா வேலை போன அன்று, அவர் வீட்டுக்கு வந்து சொல்லத் தெரியாமல் நின்றபோது, ஜன்னத் ஒரு வார்த்தையும் கேட்காமல் தட்டில் சோற்றைப் போட்டதுதான் நினைவுக்கு வந்தது.

"எனக்கு இந்தக் கரண்டும் வேணாம், சான்றிதழும் வேணாம். நீ தட்டினாப் போதும்டீ என் தங்கமே, என் ராசாத்தி!"

வெகுநேரம் கழித்து, மிகவும் தயக்கமாக, ஒரு தட்டு கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்!" மீரா சாகிப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கனி முதலாளியும் துடைத்துக்கொண்டார். "இப்படியும் ஒரு பாசமா!" என்றார் அவர்.

பாசம் ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு கடிகாரம் இரண்டரை அடித்தது.

"பயமாயிருந்தா போயிடு. நான் வேற வழி பாக்குறேன்."

இரண்டு தட்டு.

"அப்ப செய்றியா?"

ஒரு தட்டு. இந்தத் தடவை உறுதியாக.

இனி யாரும் மெயினைத் தொடக்கூடாது என்று மீரா சாகிப் முடிவு செய்தார். ஜன்னத் எல்லாவற்றையும் மாட்டி முடித்து ஒரு தட்டுத் தட்டியதும், அவரே கைப்பிடியை ஏற்றினார். தன் இடுப்புத் துண்டை அவிழ்த்து, கைப்பிடியைச் சுற்றி இறுக்கி, ஏழு முடிச்சுப் போட்டார். அவை இருபத்திரண்டு வருஷம் கயிறு பிடித்த கைகள் போட்ட முடிச்சுகள். பிறகு கூடத்துச் சுவிட்சைத் தட்டினார்.

வாசல் மணி அடித்தது.

சுவிட்சை அணைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கோ இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. நாலு சுவிட்சையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார். மணி இன்னும் உற்சாகமானது.

"மெயினை அணைங்க!" என்று கனி முதலாளி காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

மீரா சாகிப் மெயினிடம் ஓடினார். ஏழு முடிச்சு! பல்லால் கடித்துப் பார்த்தார். அசையவில்லை.

அக்கம்பக்கத்தில் யாரும் அதுவரை மின்சார மணி கேட்டதில்லை. மணி என்றால் தீயணைப்பு வண்டி, தீயணைப்பு வண்டி என்றால் நெருப்பு. இரண்டு நிமிஷத்தில் ஹட்டன் லேன் முழுக்க வாளிகளோடு வந்துவிட்டது. முன்னால் வந்த மலாய்க்காரர் இருவர், பலகை இடுக்கில், விசிறி மறுபடி கிளப்பிவிட்டிருந்த மாவைப் பார்த்து, "ஆப்பி! ஆப்பி!" என்று கூவினார்கள். நெருப்பு என்று அர்த்தம். புகையையே கண்ணால் பார்த்தாயிற்று, இனி என்ன? வாளிகள் உயர்ந்தன.

"ஊத்தாதீங்க!" மீரா சாகிப் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுவிட்சுகளின் முன்னால் நின்றார். "தண்ணி பட்டா எல்லாரும் மௌத்து! ஜன்னத்து, அடி அறிவு கெட்டவளே, என்னத்தை மாட்டித் தொலைச்சே? கழுதை! எருமை! மணிக் கம்பி எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்கு. தொடாதே! கரண்டு இருக்கு! தொட்டுறாதே!"

மணி நின்றது.

அந்த அமைதியில் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு மட்டும் கேட்டது.

மீரா சாகிப் வாய் பிளந்தார். கரண்டு ஓடும்போதே கம்பியை உருவிவிட்டாள். பரீட்சை தேறிய அவரே யோசிக்கும் காரியம் அது.

"ஜன்னத்து... கட்டைச் செருப்புப் போட்டிருக்கியா?"

ஒரு தட்டு.

"கையால தொடாம குறடாலதானே இழுத்தே?"

ஒரு தட்டு.

"குறட்டுப் பிடியில டேப்பு சுத்தினியா?"

ஒரு தட்டு. 'இதுகூடத் தெரியாதா' என்பதுபோல் இருந்தது அந்தத் தட்டு.

"எங்கே கத்துக்கிட்டா?" என்று கனி முதலாளி வியந்தார்.

"வீட்டுல நான் பாடம் சத்தமாப் படிப்பேன் முதலாளி. அடுப்படியிலேர்ந்து கேட்டிருப்பா" என்றார் மீரா சாகிப். அவருக்கே மெய்சிலிர்த்தது.

வாளிக்காரர்களுக்குக் கனி முதலாளி பலகாரம் கொடுத்து அனுப்பினார். சீனி முகம்மது வாசலுக்குப் போய், காஸ் விளக்குகளை வண்டியிலிருந்து இறக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். கத்திரிக்கோலால் துண்டை வெட்டி மெயினை இறக்கும்போது மணி மூன்றேகால்.

மீரா சாகிப் சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். இனி ஊகம் கிடையாது. படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக.

"ஜன்னத்து, இப்ப உன் வலது கையிலேர்ந்து எண்ணு. மணிக் கம்பி எதுன்னு உனக்கே தெரிஞ்சுபோச்சு. அதை முதல் ஆணியில மாட்டு."

இரண்டு தட்டு.

"என்ன இல்லே? மாட்டுன்னா மாட்டு!"

இரண்டு தட்டு.

"எனக்கே பாடம் சொல்றியா? சான்றிதழ் உனக்கா எனக்கா? மாட்டுடீ கழுதை!"

இரண்டு தட்டு. அதில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. சுவரே பேசியதுபோல் இருந்தது.

"அப்ப ரெண்டாவதுலயா?" என்றார் ஏளனமாக.

இரண்டு தட்டு.

"மூணாவதுலயா?"

இரண்டு தட்டு.

"நாலாவதுலயா?"

ஒரு தட்டு.

மீரா சாகிப் கோபமாக வரைபடத்தை விளக்குவெளிச்சமில்லாத கூடத்தின் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, யாரும் கவனிக்காதபடி, அதைத் தலைகீழாகத் திருப்பினார்.

மணி நாலாவது ஆணிதான்.

திரும்பி வந்து பலகைமுன் நின்றார். "ஜன்னத்து" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நீ சொல்றதுதான் சரி."

அந்த வாக்கியத்தை அவர் கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. சொன்ன பிறகு, வாயில் அது அவ்வளவு மோசமாக இல்லை என்றும் தோன்றியது.

அதற்குப் பிறகு வேலை பட்டுப்போல் ஓடியது. அவர் ஒன்று சொல்வார், ஒரு தட்டு வரும். சில சமயம் அவர் சொல்லி முடிக்கும் முன்பே தட்டு வந்தது. ஒரு முறை இரண்டு தட்டு வந்தபோது, அவர் வாதாடாமல் யோசித்தார். தப்பு அவர் பக்கம்தான் இருந்தது. "ஒரே நாள்ல இவ்வளவு மாத்தமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "இதெல்லாம் கரண்டோட மகிமை."

சரியாக நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் துரை வந்தார். உயரமான, சிரிக்காத மனிதர். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மலாயில் சுருக்கமாகப் பேசினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களும் அதே நேரத்தில் வந்து சேர்ந்து, கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். சீனி முகம்மது கையில் ஒரு காஸ் விளக்கோடு நின்றார்.

துரை தலையசைத்தார். மீரா சாகிப்பின் விரல் கூடத்துச் சுவிட்சுக்குப் போனது. தட்டினார்.

கூடத்தின் நடுவே பெரிய கண்ணாடிக் குலை விளக்கு பூத்தது. பட்டப்பகலிலும் அது தனியாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

இரண்டாவது சுவிட்ச். உள்ளே "வந்துருச்சு!" என்று நாற்பது குரல்கள். மூன்றாவது. மின்விசிறி மிதமாகச் சுற்றும் ஓசை. நாலாவது. வாசல் மணி ஒரு முறை அடித்து, கைவிட்டதும் நின்றது.

துரை விடவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கருவியை எடுத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி முள்ளைப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கத்துச் சுவிட்சுப் பலகையைக் கழற்றி, உள்ளே விளக்கடித்துக் குனிந்தார். பின்பக்கத்துப் பெட்டியின் கம்பிகள் அங்கிருந்து தெரிந்தன. துரை குனிந்தபடியே இருந்தார்.

துரை நிமிர்ந்தார். "பாகுஸ்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. "பின்னல் போட்டதுபோல் இருக்கிறது. இந்த ஊரில் இப்படி ஒரு முறுக்கு நான் பார்த்ததில்லை. உன் கை வேலையா?"

கூடம் முழுக்க மீரா சாகிப்பைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊரில் முதல் தரமான வயர்மேன் என்று பெயர். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த இரண்டு தட்டுகள் காதில் கேட்டன.

"இல்லே துரை" என்றார். "இந்தப் பக்கம் என் வேலை. அந்தப் பக்கம் என் பொஞ்சாதி ஜன்னத்தோட கை. நான் தப்பாச் சொன்னதைக்கூட அவ சரியாச் செஞ்சா."

துரை ஒரு கணம் யோசித்தார். தொப்பியைக் கக்கத்திலிருந்து எடுத்து, பலகைச் சுவரை நோக்கி லேசாகத் தலை வணங்கினார். பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, மீரா சாகிப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபத்திரண்டு வருஷம் துரைகளுக்கு விசிறிய கை அது. ஒரு துரை அதைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

கூடத்தில் "மாஷா அல்லா!" என்ற குரல்கள் எழுந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா தானே வந்து சுவிட்சைத் தட்டி அணைத்து, தட்டி எரித்து, குழந்தைபோல் சிரித்தார். தன் பட்டர்வொர்த் வீட்டுக்கு எப்போது வரமுடியும் என்று அங்கேயே கேட்டார்.

வாசலில் காஸ் விளக்குகள் திரும்ப வண்டி ஏறின. ஏற்றிவிட்டுச் சீனி முகம்மது வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "மீரா சாகிப், திங்கக்கிழமை என் கடைக்கு வர முடியுமா? காஸ் விளக்கு வெளிச்சத்துல காஸ் விளக்கைத் தேடவே முடியலே" என்றார்.

"திங்கக்கிழமை வர்றேன்" என்றார் மீரா சாகிப், எல்லோருக்கும் கேட்கும் குரலில். "தனியா இல்லே. பொஞ்சாதியையும் கூட்டிட்டு வருவேன். இனிமே நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வேலை."

கனி முதலாளி அவர் தோளைத் தட்டினார். குனிந்து, காதோடு சொன்னார்: "குடுத்து வச்சவர் நீங்க. கழுதைன்னா கேட்டுக்குறா, எருமைன்னா கேட்டுக்குறா, சொன்ன வேலையை முடிச்சுக் குடுக்குறா. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே... ஒரு வார்த்தை சொல்ல முடியுமா நான்?"

மீரா சாகிப் பெருந்தன்மையோடு சிரித்தார். அந்தச் சமயம் திரை விலகி, பையைத் தூக்கிக்கொண்டு காமாரியா வந்தாள். குறடும் திருப்புளியும் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"காமாரியா, அவளைக் கூப்பிடு. ரிக்‌ஷாவுல ராணி மாதிரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும் இன்னைக்கு."

"ஜன்னத் அக்காவையா?" என்றாள் காமாரியா. "அவங்க அந்த 'பட்'டுலயே குறடைப் போட்டுட்டு அடுப்படிக்கு ஓடிட்டாங்க லா, அப்பலேர்ந்து வெங்காயம்தான் உரிக்கிறாங்க, அதுக்கப்புறம் தட்டினது எங்க சல்மாம்மா, அவங்கதான் 'கழுதைன்னாலும் பரவாயில்லே, திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வேலைக்கு வரணும்'னு உங்ககிட்ட கேட்டு வரச் சொன்னாங்க."